வெயில் செய்யும் பிழையை எண்ணியவர்கள்



‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. வெயிலின் தன்மை எதில் தெரியும் என்று அவர்கள் சொல்லிச் செல்லவில்லை. இப்பதிவு அதைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்த சமயம். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி 100 மீட்டர் ஓட்டத்தில் எங்கள் இல்லத்தின் நம்பிக்கையாக இருந்தாள். ஒரு நாள் பிற்பகல் அவளுடைய தாயார் திடலுக்கே வந்துவிட்டார். “டீச்சர், இவளை இனிமேல் வெயிலில் ஓட விடாதீர்கள். ஏற்கெனவே கறுப்பு. இன்னும் கறுத்துப் போனால் என்ன செய்வது?” என்றார். எனக்குச் சினம் வந்தது. நிறத்தைக் குறையாகப் பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. “கறுப்புத் தோலை வெயில் ஒன்றும் செய்யாதம்மா. வெள்ளைக்காரர்கள்தாம் அஞ்ச வேண்டும். நீங்கள் கவலைப்படாமல் போய் வாருங்கள்” என்று விடை சொன்னேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பெண் தன் புறங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வாண்டு அவள் ஓடவில்லை.

தாயாரின் அச்சம் தவறான இடத்தில் இருந்தது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் என் விடையும் பாதி பிழையானது என்பதை, பின்னொரு நாள் அறிவியல் பாடத்திற்காகச் சூரிய ஒளியைப் பற்றிப் படித்தபோதுதான் கற்றுக்கொண்டேன். அந்தப் பிழையை எனக்குக் காட்டிய அறிவியலின் வரலாற்றை இங்குப் பகிர விரும்புகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத காயம்

வெயிலில் நின்றவரின் தோல் சிவப்பதும் கறுப்பதும் பல மணி நேரமோ சில நாட்களோ கழித்து நமக்குத் தெரிகின்ற விளைவுகள். மூல நிகழ்ச்சியோ, ஒளி பட்ட அந்தக் கணத்திலேயே உயிரணுவின் கருவுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அங்கே இருப்பது டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கே எழுத்துகளால் நம் உடலின் குறிப்புகள் அனைத்தும் அதில் எழுதப்பட்டுள்ளன.

1920களின் இறுதியில் ஃபிரெடெரிக் கேட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஓர் ஒற்றுமையைக் கண்டார். நுண்ணுயிரிகளை அதிகமாகக் கொல்லும் புற ஊதாக் கதிர்களின் அலைநீளங்களும், நியூக்ளிக் அமிலம் அதிகமாக உறிஞ்சும் அலைநீளங்களும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. கதிர் தாக்கும் இடம் எது என்பதற்கு அது ஒரு குறிப்பு. அங்கே என்ன காயம் நேர்கிறது என்பதை அறிய மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

அந்த விடை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில், ஒரு பனிக்கட்டியில் கிடைத்தது. பியூக்கர்ஸ், பெரன்ட்ஸ் ஆகியோரின் குழுவினர் தைமின் கரைசலின்மீது புற ஊதாக் கதிரைச் செலுத்தினார்கள். பெரிய மாற்றம் எதுவும் தென்படவில்லை. அதே கரைசலை உறையவைத்துக் கதிரைச் செலுத்தியபோது, தைமின் விரைவாக வேறொரு பொருளாக மாறியது. உறைந்த நிலையில் தைமின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருங்கி அடுக்காக நிற்கின்றன. ஒளி பட்டதும் பக்கத்தில் இருக்கும் இரண்டு, ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. 1960ஆம் ஆண்டு அந்தத் தைமின் இணை இன்னதென்று அடையாளம் காணப்பட்டது. டி.என்.ஏ. இழையிலும் எழுத்துகள் இப்படித்தான் அடுக்காக நிற்கின்றன. ஆகவே, வெயில் அங்கும் அதே வேலையைச் செய்யக்கூடும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதை விளக்க எளிய வழி உண்டு. மாணவர் எழுதும்போது தனித்தனியே நிற்க வேண்டிய இரண்டு எழுத்துகள் மை ஊறி ஒன்றாகிவிட்டால், படிப்பவர் அந்த இடத்தில் தடுமாறுவார் அல்லவா? உயிரணுவும் தன் குறிப்பைப் படியெடுக்கும்போது அங்கே தடுமாறுகிறது. தவறாகப் படியெடுத்தால் அந்தத் தவறு நிலைத்துவிடும். அப்படிப்பட்ட தவறுகள் பல சேர்ந்துதான் தோல் புற்றுநோய்க்கு வழி வகுக்கின்றன.

முதலில் எண்ணியவர்கள்

காயம் இன்னதென்று தெரிந்தபின், எத்தனை காயங்கள் என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் ரிச்சர்ட் செட்லோவும் அவருடன் பணியாற்றியவர்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கதிரியக்கம் ஏற்றப்பட்ட தைமின் சார்ந்த பொருளைப் பாக்டீரியாக்களுக்கு ஊட்டி வளர்த்தார்கள். பாக்டீரியாக்கள் அதைத் தங்கள் டி.என்.ஏ.யில் சேர்த்துக்கொண்டன. பின்பு புற ஊதாக் கதிரைச் செலுத்தி, டி.என்.ஏ.யை அமிலத்தில் சிதைத்து, ஒரு தாளின்மேல் நீர்மத்தோடு ஊர்ந்து பிரியச் செய்தார்கள். ஒட்டிக்கொண்ட இணைகள் ஓரிடத்திலும், ஒட்டாத தைமின் வேறோர் இடத்திலும் சேர்ந்தன. ஒவ்வோர் இடத்திலும் உள்ள கதிரியக்கத்தை அளந்தால் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

இவ்வாறு எண்ணியபோது 1964இல் ஓர் அரிய உண்மை வெளிப்பட்டது. புற ஊதாக் கதிரைத் தாங்கிப் பிழைக்கும் பாக்டீரியாக்களில், நேரம் செல்லச் செல்ல அந்த இணைகள் இழையிலிருந்து வெட்டி அகற்றப்பட்டன. செட்லோவும் கேரியரும் தங்கள் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே இதைப் ‘பிழை திருத்தும்’ செயல்முறை என்று குறித்தார்கள். நாம் நாள்தோறும் மாணவர் பயிற்சிப் புத்தகங்களில் எழுதும் அதே சொல்! உயிரணுவும் பிழைதிருத்தம் செய்கிறது என்பதைப் படித்தபோது, எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை இருந்தது. வளர்ந்துகொண்டிருக்கும் உயிரணுக்களுக்குக் கதிரியக்கப் பொருளை ஊட்டினால்தான் எண்ண முடியும். கடற்கரையில் நிற்கும் ஒரு மனிதரின் தோலுக்கு அதை எப்படி ஊட்டுவது? மனிதத் தோலில் வெயில் செய்யும் பிழையை எண்ண வேண்டுமானால், பிழையை நேராக அடையாளம் காணும் ஒன்று தேவைப்பட்டது.

முயல்களின் உதவி

நம் உடலுக்குள் அயலான ஒன்று நுழைந்தால், அதை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்களை இரத்தத்தின் வெள்ளணுக்களில் ஒரு பிரிவு உருவாக்குகிறது. இவற்றை எதிர்ப்பொருள்கள் என்கிறோம். அம்மை நோய்க்குப் போடும் தடுப்பூசி பயன் தருவதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய வடிவத்தை மட்டுமே பற்றும்.

அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் லெவைன், ஹெலன் வான் வுனாகிஸ் ஆகியோர், இந்தத் திறனைப் பயன்படுத்தினால் என்ன என்று சிந்தித்தார்கள். டி.என்.ஏ. எல்லா உயிர்களுக்கும் பொதுவானது என்பதால், அதை அயலானதாக உடல் எளிதில் கருதாது. எனவே அவர்கள் புற ஊதாக் கதிர் பட்ட டி.என்.ஏ.யை ஒரு புரதத்தோடு சேர்த்து முயல்களுக்கு ஊசிமூலம் செலுத்தினார்கள். முயல்களின் குருதியில் எதிர்ப்பொருள்கள் உண்டாயின. அவை கதிர் பட்ட டி.என்.ஏ.யைப் பற்றின, கதிர் படாத டி.என்.ஏ.யை விட்டுவிட்டன. 1966ஆம் ஆண்டு இச்செய்தி வெளியானது. வெயிலின் பிழையை மட்டும் வட்டமிடும் சிவப்பு மை கிடைத்துவிட்டது என்று சொல்லலாம்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் நமக்கு அண்மையானவர். மருத்துவர் எங் மெங் டான், மலாயா மண்ணில் பிறந்து அமெரிக்காவில் மருத்துவம் பயின்றவர். உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த உயிரணுக்களையே தாக்கும் ‘லூபஸ்’ நோயை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர். அந்நோயாளிகள் பலருக்கு வெயில் ஆகாது. அவர் 1968இல், கதிர் பட்ட டி.என்.ஏ.க்கு எதிரான எதிர்ப்பொருளை ஒளிரும் சாயத்தின் துணையோடு பயன்படுத்தி, நுண்ணோக்கியின்கீழ் காயத்தைக் கண்ணால் காணச் செய்தார். மறு ஆண்டு, தோல் மருத்துவர் ஸ்டோட்டனுடன் இணைந்து தோலிலும் அவ்வாறே காட்டினார். கதிர் பட்ட உயிரணுக்களின் கருக்கள் ஒளிர்ந்தன. உலக ஆய்வு வரலாற்றில் நம் நாட்டில் பிறந்த ஒருவரின் பெயர் இருக்கிறது என்பதை நம் மாணவர்களுக்கு நாம் சொல்ல வேண்டாமா?

ஒரே சுண்டெலியிலிருந்து இரண்டு

முயலின் குருதியில் ஒரு சிக்கல் இருந்தது. அதில் பலவகை எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். ஒரு முயலினுடையது மற்றொரு முயலினுடையதைப் போல இராது. அந்த முயல் இறந்தால் அந்த எதிர்ப்பொருளும் தீர்ந்துவிடும். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் அளவுகோல் மாறினால், அளவுகளை எப்படி ஒப்பிடுவது?

1975ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டைன் ஆகிய இருவர் இதற்குத் தீர்வு கண்டார்கள். எதிர்ப்பொருள் உருவாக்கும் ஓர் உயிரணுவை, முடிவின்றிப் பெருகும் புற்று உயிரணு ஒன்றோடு இணைத்தார்கள். அந்த இணைப்பில் பிறந்த உயிரணுக்குடும்பம் ஒரே வகை எதிர்ப்பொருளை இடைவிடாமல் சுரந்தது. இதற்கே மோனோகுளோனல் எதிர்ப்பொருள் என்று பெயர். இப்பணிக்காக 1984இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றார்கள்.

இதனால் வெயிலின் பிழையை வகை பிரித்து எண்ண வழி பிறந்தது. ஏனெனில், பிழை ஒரே வகையன்று. மேலே சொன்ன இணையைச் சைக்ளோபியூட்டேன் இணை என்பர். பக்கத்து எழுத்துகள் வேறொரு கோணத்தில் ஒட்டிக்கொள்வதை (6-4) விளைபொருள் என்பர். முன்னது எண்ணிக்கையில் மிகுதி. பின்னது குறைவு என்றாலும் இழையை அதிகமாகத் திருகிவிடும். 1991இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தோஷியோ மோரி, ஒசாமு நிகாய்தோ முதலியோர், ஒரே சுண்டெலியிலிருந்து இவ்விரண்டுக்கும் தனித்தனியான எதிர்ப்பொருள்களை உருவாக்கியதை அறிவித்தார்கள். அவை டி.டி.எம்.-2, 64எம்-2 எனப்பட்டன. உலகின் பல ஆய்வகங்கள் இவற்றைப் பயன்படுத்தின. ஒற்றுப்பிழையை மட்டும் பார்க்கும் ஓர் ஆசிரியர், ணகர னகரப் பிழையை மட்டும் பார்க்கும் மற்றோர் ஆசிரியர் என்று இருவரை அமர்த்தியதைப் போன்றது இது.

சோதனை எவ்வாறு நடக்கிறது?

உயர்நிலை மாணவர்களின் பெற்றோர் கேட்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிரணுக்களிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்துச் சூடாக்குவார்கள். முறுக்கிய இரட்டை இழை பிரிந்து ஒற்றை இழைகளாகும். காயம் இரட்டை இழைக்குள் மறைந்திருந்தால் இத்தகைய எதிர்ப்பொருள் அதை எளிதில் எட்டாது. அதனால்தான் இந்தப் படி. பின்பு சிறு குழிகள் கொண்ட நெகிழித் தட்டில் அந்த இழைகளை ஒட்டவைத்து, எதிர்ப்பொருளை ஊற்றுவார்கள். காயம் இருக்கும் இடங்களில் அது பற்றிக்கொள்ளும். பற்றாததைக் கழுவிவிடுவார்கள். அடுத்து, முதல் எதிர்ப்பொருளையே பற்றக்கூடிய இரண்டாம் எதிர்ப்பொருளை ஊற்றுவார்கள். அதனோடு ஒரு நொதி இணைந்திருக்கும். நொதிக்கு ஏற்ற நிறமற்ற பொருளைச் சேர்த்தால் நிறம் தோன்றும். காயம் மிகுந்தால் நிறம் அடர்த்தியாகும். கருவியால் அந்த அடர்த்தியை அளப்பார்கள். எலைசா என்ற இம்முறை 1971இல் சுவீடனில் எங்வாலும் பெர்ல்மனும் அறிவித்தது. ஏறத்தாழ அதே காலத்தில் நெதர்லாந்திலும் இதையொத்த முறை ஒன்று உருவானது. நொதிக்குப் பதில் ஒளிரும் சாயத்தை இணைத்தால், தோலின் மெல்லிய சீவலிலேயே எந்த உயிரணுவில் காயம் என்று நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

எண்ணிக்கை சொன்ன உண்மைகள்

ஜெரோடெர்மா பிக்மென்டோசம் என்ற அரிய பரம்பரை நோய் உண்டு. அதைப் பெற்ற பிள்ளைகளின் தோல் சிறு வெயிலையும் தாங்காது. இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வந்துவிடும். 1968இல் ஜேம்ஸ் கிளீவர், அவர்களுடைய உயிரணுக்களில் பிழைதிருத்தம் குன்றியிருக்கிறது என்பதைக் கதிரியக்க முறையால் காட்டினார். பின்னாளில் எதிர்ப்பொருள் முறை அதைக் கண்முன் நிறுத்தியது. கதிர் பட்ட சிறிது நேரத்தில் எல்லாருடைய உயிரணுக்களும் ஒளிரும். நேரம் செல்லச் செல்ல மற்றவர்களுடையவை மங்கிவிடும். இப்பிள்ளைகளில் பெரும்பாலோருடையவை ஒளிர்ந்துகொண்டே இருக்கும். அந்த ஒளி திருத்தப்படாத பிழையின் ஒளி என்பதை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

பிழைதிருத்தத்தின் வேகமும் தெரியவந்தது. 1985இல் டேவிட் மிட்செல் குழுவினர், எதிர்ப்பொருளோடு கதிரியக்கத்தைச் சேர்த்து அளக்கும் முறையைக் கையாண்டு, (6-4) விளைபொருள்கள் மற்ற இணைகளைவிட விரைவாக அகற்றப்படுவதைக் காட்டினார்கள். முதல் வகை சில மணி நேரத்தில் பெரும்பாலும் நீங்கிவிடும். சைக்ளோபியூட்டேன் இணைகளிலோ ஒரு நாள் கழிந்தபின்னும் கணிசமான பங்கு எஞ்சியிருக்கும். நேற்றைய பிழை திருத்தப்படும் முன்பே இன்றைய வெயிலில் நாம் மீண்டும் நிற்கிறோம் என்பதே இதன் பொருள்.

2001இல் நெதர்லாந்திலும் ஜப்பானிலும் ஆய்வாளர்கள், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே அகலமுள்ள துளைகள் கொண்ட படலத்தை உயிரணுக்களின்மேல் விரித்துக் கதிரைச் செலுத்தினார்கள். துளைகளுக்கு நேர்கீழே மட்டும் காயம் விழுந்தது. பழைய தகரக் கூரையின் ஆணித் துளைகளின் வழியே தரையில் விழும் வெயில் பொட்டுகளை நம்மில் பலர் தோட்டத்து வீடுகளில் பார்த்திருப்போம். அதுபோல உயிரணுவின் கருவுக்குள் பொட்டுகள் ஒளிர்ந்தன. திருத்தும் புரதங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பொட்டுகளுக்கு வந்து சேர்வதையும் அவர்கள் கண்டார்கள்.

நம் தோலைப் பற்றிய விடை

இனி, அந்தத் தாயாரிடம் நான் சொன்ன விடைக்கு வருகிறேன். 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வெவ்வேறு இனப் பின்னணி கொண்ட தன்னார்வலர்களின் தோலில் புற ஊதாக் கதிரைச் செலுத்தி, எதிர்ப்பொருளைக் கொண்டு காயத்தை அளந்தார்கள். எல்லாப் பிரிவினருக்கும் காயம் நேர்ந்திருந்தது. மெலனின் என்னும் கருநிறமி மிகுந்த தோலில் காயம் குறைவு; ஆனால் இல்லாமல் இல்லை. 2018இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள், மிக வெளிறிய தோலையும் மிகக் கறுத்த தோலையும் ஒப்பிட்டார்கள். தோல் சிவக்காத அளவுக் கதிரும் சோதிக்கப்பட்டது. கறுத்த தோலின் மேலடுக்கில் காயங்கள் காணப்பட்டன. புதிய உயிரணுக்கள் பிறக்கும் அடியடுக்கிலோ பாதுகாப்பு மிக வலுவாக இருந்தது. கறுத்த தோலினருக்கு வெயிலால் வரும் தோல் புற்றுநோய் மிக அரிதாக இருப்பதற்கு இது பொருத்தமான விளக்கம்.

மெலனினுக்கு மறுபக்கமும் உண்டு. 2015இல் டக்ளஸ் பிராஷ் முதலியோர், நிறமியை உருவாக்கும் உயிரணுக்களில், கதிர் நின்றபின் இருளிலும் மூன்று மணி நேரத்துக்கு மேலாகப் புதிய இணைகள் உண்டாவதை அறிவித்தார்கள். கதிரால் தூண்டப்பட்ட வேதிவினைகள் மெலனினுக்கு ஆற்றலை ஏற்றுகின்றன. அந்த ஆற்றல் பிறகு டி.என்.ஏ.க்குக் கைமாறுகிறது. நிழலுக்கு வந்துவிட்டோம் என்று நாம் அமர்ந்த பின்னும் வெயிலின் வேலை முடிவதில்லை.

ஆகவே, அந்தத் தாயார் இன்று வந்து கேட்டால் நான் இவ்வாறு சொல்வேன்: “அம்மா, உங்கள் மகளின் நிறம் இயற்கை அவளுக்கு நெய்து கொடுத்த குடை. குடை இருப்பதற்காக யாரும் வருந்துவதில்லை. ஆனாலும் குடைக்குள்ளும் சாரல் அடிக்கும். பயிற்சியைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்வோம். தொப்பி கொடுத்தனுப்புங்கள். ஓட்டங்களுக்கு நடுவே நிழலில் உட்காரவைப்பது என் பொறுப்பு. நிறத்தை வெளுப்பாக்கும் களிம்புகளைத் தேடாதீர்கள். குடையைக் கிழிப்பதால் மழை நின்றுவிடாது. அவள் ஓடட்டும்.”

நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு ஆண்டு முழுவதும் புற ஊதாக் கதிர் மிகுதி. சபை கூடலையும் திடல் பயிற்சியையும் திட்டமிடும் ஆசிரியர்கள் இதை நினைவில் கொள்வது நன்று. நண்பகல் வெயிலில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவைத்து நாம் நீளமாகப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாலே போதும், பாதி வேலை முடிந்துவிடும்!

அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். அன்று அவள் முன்னிலையில், அவளுடைய தோலைப் பற்றி இரண்டு பெரியவர்கள் பேசினோம். இருவருமே சரியாக அறிந்திருக்கவில்லை. உயிரணு தன் பிழையைத் தானே தேடித் திருத்திக்கொள்கிறது. ஆசிரியர் மட்டும் திருத்திக்கொள்ளாமல் இருக்கலாமா? தாமதமானாலும், இப்பதிவு என் பிழைதிருத்தம்.